துரை மூக்கை அறுத்த நூல்

நம் பேச்சில் ஒருத்தனுக்கு மூக்கறுபட்டது என்றால் மானம் போனது என்று அர்த்தம். விட்டேக்கர் துரைக்கு நிஜமாகவே மூக்கு அறுபட்டது. முழுசாக இல்லை, பயப்பட வேண்டாம். மூக்குத் தண்டின் மேல் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். ஆனால் அறுபட்டது பட்டாளத்துக் கேப்டனின் மூக்கு. அறுபட்ட இடம் ஆவடி டெப்போவுக்குப் போகிற ரோடு. காலமோ சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஊரைக் காலிபண்ணி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் துரையைக் கொசு கடித்தால்கூட விசாரணை வைப்பார்கள்.

ஆடிக்காத்து தூக்கியடித்த ஒரு சாயங்காலம், துரை மோட்டார் சைக்கிளில் டெப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏரிக்கரையோரம் வரும்போது மெல்லிசாக ஏதோ ஒன்று வெயிலில் மினுக்கிக்கொண்டு மூக்குக்கு நேரே வந்தது. அப்புறம் துரை ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம், தொப்பி ஏரித் தண்ணீரில். சேற்றிலிருந்து எழுந்து பார்த்தால் மூக்கில் ரத்தம் இருந்தது, மினுக்கினதைக் காணோம். அதைக் காற்று எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. துரை நேரே ஆபீசுக்குப் போய், யாரோ துரோகி ரோட்டின் குறுக்கே வயர் கட்டியிருந்தான் என்று எழுத ஆரம்பித்தார்.

வயர்! முந்தின வருஷம்தான் ஊர் ஊராகத் தந்திக் கம்பியை அறுத்துப் போட்டு, அதற்காகக் கூட்டம் கூட்டமாக ஜெயிலுக்குப் போயிருந்தார்கள். வயர் என்று ஒரு வார்த்தை காகிதத்தில் ஏறிவிட்டால், உள்ளே போகிறவன் சண்டை முடிந்தாலும் திரும்புவானா என்பது சந்தேகம்.

வயருமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அது மாஞ்சா. சோடா பாட்டிலை இடித்துச் சலித்த கண்ணாடித் தூளைப் பசையில் குழைத்து, நூலில் தடவிக் காயவைத்த, பட்டம் விடுகிற காத்தாடி நூல். அன்றைக்கு ஏரிக்கரையில் ஆவடி வேம்புலிக்கும் முத்தாபுதுப்பேட்டை தேவராஜுக்கும் டீல். வானத்தில் ஒருத்தன் நூலை இன்னொருத்தன் நூலோடு உரசவிட்டு, யார் யாருடையதை அறுக்கிறார்கள் என்று பார்க்கிற போட்டிக்குத்தான் டீல் என்று பெயர். இரண்டு பேரும் சின்னப் பையன்கள் இல்லை. வேம்புலி, ஆவடி ஸ்டேஷனுக்கும் பூந்தமல்லிக்கும் ஜட்கா வண்டி ஓட்டுகிறவன். முறுக்கு மீசை. தேவராஜ் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவன், பேரன் எடுத்தவன். காத்தாடி என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் அரை டிராயர் வயசுதான்.

அன்றைய டீல் நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் புழுதிக்காற்று ஒன்று கிளம்பி எல்லார் கண்ணிலும் மண்ணைப் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு காத்தாடி பனைமரத்தில் கிழிந்து தொங்குகிறது, இன்னொன்று கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது. எது யாருடையது என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. அறுத்தது நான்தான் என்று வேம்புலி குதித்தான். நான்தான் என்று தேவராஜும் குதித்தான். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

மறுநாள் ஏட்டு பஜார் டீக்கடைக்கு வந்து, "தொர மூக்கை அறுத்த நூலு எவனுதுடா?" என்று கேட்டார். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? டீயைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். வேம்புலி மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"நம்ம நூலுதான், ஏட்டய்யா! பட்டாளத்துத் தொர மூக்கையே அறுத்துகீதுன்னா அது நம்ம மாஞ்சாவாதான் இருக்கும். வேற எவன் கையில அந்த வேல கீது?"

சந்தோஷமாகவே அழைத்துக்கொண்டு போனார்கள். விஷயம் முத்தாபுதுப்பேட்டைக்கு எட்டியதும் தேவராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறந்த பாலை அப்படியே வைத்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

"அவன் மாஞ்சால வெண்ணெய்கூட அறுபடாது சாமி. தொர மூக்கை அறுத்தது என் நூலு. நல்லா எழுதிக்க."

ஜெயிலுக்குப் போக இரண்டு பேர் போட்டி போட்ட கேஸை அந்த ஏட்டு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எதற்கு வம்பு என்று இரண்டு பேரையும் டெப்போவிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார். அங்கே காவல் அறையில் அவர்களை ஒன்றாகப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இத்தனைக்கும் நடுவே எட்மண்ட் எப்படி வந்து மாட்டினார் என்றால், வேம்புலியின் பெண்டாட்டி சொர்ணம் அவரை மாட்டிவிட்டாள். எட்மண்ட், ஆவடி ஸ்டேஷன் எதிரே அரசமரத்தடியில் தகரப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவர். மிஷன் ஸ்கூலில் மெட்ரிக் வரைக்கும் படித்தவர். அட்டை போன ஒரு பழைய டிக்ஷனரியை பைபிளுக்கு அடுத்தபடியாக மதிக்கிறவர். அவரை ஊரில் ரைட்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் இங்கிலீஷு என்பார்கள். இரண்டுமே அவருக்குப் பிடிக்கும்.

"ரைட்டரே, எம் புருசன் பைத்தியம்னு தெரியும். இவ்ளோ பைத்தியம்னு தெரியாது," என்று சொர்ணம் அரசமரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணாடி அரைச்சி என் அம்மி போச்சு. கஞ்சி காய்ச்சி என் சட்டி போச்சு. இப்போ ஆளே போவப் போறான். நீ தொரகிட்ட நாலு வார்த்தை இங்கிலீஷுல சொல்லி இஸ்துகினு வா, உனக்குப் புண்ணியம்."

எட்மண்ட் உடனே கிளம்பிவிட்டார். போன ஐப்பசி வெள்ளத்தில் பூந்தமல்லி ரோடே தெரியாதபோது, பிரசவ வலியில் துடித்த அவர் மனைவி ஞானகுமாரியை வண்டியில் ஏற்றி, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தே ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் வேம்புலி. அதை எட்மண்ட் மறக்கவில்லை. மறந்தாலும் ஞானகுமாரி விடமாட்டாள்.

விட்டேக்கர் துரை மூக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசும்போது அது ஏறி ஏறி இறங்கியது. எட்மண்ட் அதைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

"அது வயர் இல்லை, சார்," என்றார் தன் நல்ல இங்கிலீஷில். "காத்தாடி விடுகிற திரெட்."

"திரெட்?" துரை எழுந்தேவிட்டார். "என் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறார்களே, அந்த திரெட்டா? ஒரு கேப்டனை மோட்டார் சைக்கிளோடு கவிழ்த்தது தையல் நூல் என்று ஹெட்குவார்ட்டர்ஸுக்கு எழுதட்டுமா? மெஸ்ஸில் என்னை வாழ விடுவார்களா?"

"திரெட் என்றால் சாதாரண திரெட் இல்லை, சார்..."

"வயர் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. யுத்தத்தில் வயர் பட்டு விழலாம். நாளைக்கு மத்தியானம் என் ரிப்போர்ட் போகிறது. வயரைவிடச் சரியான வார்த்தை இருந்தால் அதற்குள் கொண்டு வா. என்னைக் கேலி பண்ணாத வார்த்தையாக இருக்கட்டும். என்னுடையதுதான் என்கிறானே, அவன் அதற்குக் கீழே கைநாட்டு வைக்கட்டும். இல்லையென்றால் வயர்தான் போகும்."

எட்மண்டுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. துரைக்கு வேண்டியது நியாயம் இல்லை, மானம். நூல் மெல்லிசாக இருந்தால் துரையின் மானம் போகும், தடிப்பாக இருந்தால் வேம்புலியின் தலை போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை இங்கிலீஷ்காரன் பாஷையில் இல்லாமலா போய்விடும் என்று தைரியமாகத்தான் வெளியே வந்தார்.

காவல் அறை ஜன்னலில் சொர்ணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னுது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுய்யா. அந்தாளுதான் என்னுது என்னுதுன்னு குதிக்கிறானே, அவனுதாவே இருக்கட்டும்."

"இன்னாடி பேசற நீ? இவனுதுன்னு சொல்ல சொல்றியா?" உள்ளே வேம்புலி துள்ளினான். "ஜெயிலுக்கு வோணா போறேன். இந்தப் பால்காரன் பேர் வாங்கிக்கினு போறதுக்கு நான் உட மாட்டேன். ரைட்டர் அண்ணாத்தே, நீயே சொல்லு, இது நாயமா?"

"உன் நூலு தொர மூக்காண்டகூட வந்திருக்காது போடா," என்றது மூலையிலிருந்து தேவராஜின் குரல்.

சொர்ணம் இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். குதிரை தண்ணீர் குடிக்காமல் நிற்கிறது என்றாள். தனியாக எப்படிப் பிழைப்பேன் என்றாள். வேம்புலி அவளைப் பார்க்கவே இல்லை. தேவராஜோடு வாய்ச்சண்டை போடுவதில் மும்முரமாக இருந்தான். எட்மண்டுக்கு வந்த கோபத்தில், இரண்டு பேரையும் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று துரையிடம் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே ஞானகுமாரி அவருடைய கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். துரையைப் பார்க்கப் போகிறவர் நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு போகலாமா?

"ஸ்ட்ரிங்னு போட்டா இன்னா?" என்றார் எட்மண்ட்.

"அப்டின்னா?"

"பொட்டலம் கட்டறது. கொஞ்சம் தடிப்பா இருக்கும். தொரைக்கும் கௌரவமா இருக்கும்."

"கட்டறதா? அப்போ ரோட்டுக்குக் குறுக்கால கட்டினான்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆவுதே. அதைத்தான தொரையும் சொல்றாரு?"

எட்மண்ட் ஸ்ட்ரிங்கை அடித்தார். அடுத்து டுவைன். முறுக்கின நூல். அழகான வார்த்தை, சொல்லும்போதே நாக்கு ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. எழுதலாம் என்று பேனாவைத் தொட்டவருக்கு டெப்போவின் கோணிமூட்டைகள் ஞாபகம் வந்தன. அவற்றையெல்லாம் தைப்பது டுவைனால்தான். வேம்புலி கையில் டுவைன் எப்படி வந்தது என்று துரை கேட்பார். சர்க்கார் சாமானைத் திருடினான் என்று புதுசாக ஒரு கேஸ் முளைக்கும். கார்ட், அதாவது மெல்லிய கயிறு, என்றால் அதைவிட மோசம், அது பாராசூட்டில் கட்டுகிறது. ஜட்காக்காரன் வீட்டில் பாராசூட் சாமான் என்றால் ஜப்பான்காரனே வந்து இறங்கினான் என்று கதை கட்டிவிடுவார்கள்.

"யார்ன்!" என்று துள்ளினார்.

"யாரு?"

"யாருமில்ல. யார்ன். இழை. தறியில போடற நூலு."

ஞானகுமாரி ஊசியை நிறுத்தினாள். "நூலுக்குத்தான் இப்போ கண்ட்ரோல்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? பதுக்கி வெச்சா புடிக்கிறானாமே?"

ஆமாம், அதுவும் இருக்கிறது. போதாக்குறைக்கு ராட்டையில் நூற்பதும் யார்ன்தான். யார்ன் வைத்திருக்கிறவன் கதர்க்காரன், கதர்க்காரன் காங்கிரஸ்காரன். காத்தாடி விட்டவனைக் காந்தி கட்சியில் சேர்த்துவிட்டுத் துரையிடமே காட்டிக்கொடுத்த பாவம் வேறு வந்து சேரும். எட்மண்ட் பெருமூச்சு விட்டு யார்னையும் அடித்தார். ஃபைபர் என்று ஒன்று இருந்தது. தேங்காய் நார் தடுக்கி விழுந்தேன் என்று எந்தக் கேப்டன் கையெழுத்துப் போடுவான்?

"கயிறுக்கு இன்னா?" என்று ஞானகுமாரி உதவிக்கு வந்தாள்.

"ரோப்."

"அதை எழுதிடாதீங்க. தூக்குல போட அவங்களுக்கு ரொம்ப வசதியாப் பூடும்."

எட்மண்டுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம் பாஷையில் ஒரே வார்த்தை. நூல். தையற்காரனுக்கும் நூல், காத்தாடிக்காரனுக்கும் நூல், கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிறதும் நூல். ஒருத்தனும் அதற்காக ஜெயிலுக்குப் போனதில்லை. இந்த வெள்ளைக்காரன் ஒவ்வொரு திரிக்கும் ஒரு பேர் வைத்து, ஒவ்வொரு பேருக்கும் பின்னால் ஒரு சட்டத்தை உட்காரவைத்திருக்கிறான். முப்பது வருஷமாகத் தலைக்கு மேல் தூக்கிவைத்துக் கொண்டாடின இங்கிலீஷ், அன்றைக்கு முதல் தடவையாக அவருக்குக் கசந்தது.

"என்னால ஆவாது," என்று டிக்ஷனரியை மூடினார். குரல் உடைந்துவிட்டது. "உன்னைத் தண்ணிக்குள்ள இஸ்துகினு போய் காப்பாத்தினான். அவனைக் காப்பாத்த எனக்கு ஒரு வார்த்த கெடைக்கல பாரு."

ஞானகுமாரிக்கும் கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்து, பொத்தானைத் தைத்து முடித்த நூலைப் பல்லால் கடித்தாள். மிச்ச நூல் தரையில் விழுந்தது.

"ஆனா ஒண்ணுங்க, இந்தக் காத்தாடிப் பசங்களை எனக்குத் தெரியும். அம்பத்தூர்ல எங்க அண்ணன் இருந்துதே, எல்லாம் அந்த ரகம்தான். அதோட காத்தாடி அறுந்துடுச்சின்னு வையுங்க, சோறு துன்னாது, கோயிலுக்கு வராது, பாதிரியார் வந்து கூப்ட்டாலும் கதவத் தெறக்காது. செத்தாலும் அறுந்துதுன்னு வாயால சொல்லாது. அது மேல நின்னா ஒரு பேச்சு, கீழ வுழுந்தா ஒரு பேச்சு."

எட்மண்ட் தரையில் கிடந்த நூலைப் பார்த்தார். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் நூலைப் பார்த்தார்.

"கீழ வுழுந்தா..." என்றார் மெதுவாக. "ஏண்டி, துரை மூக்குல பட்டது கீழ வுழுந்த நூலுதான?"

"பின்ன, மூக்கு இன்னா மானத்துலயா கீது?"

எட்மண்ட் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஞானகுமாரி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் டிக்ஷனரியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, சாவகாசமாகக் காகிதத்தை எடுத்துத் தமிழில் எழுதினார். இங்கிலீஷ் வார்த்தைக்கு உண்டான இடத்தைக் காலியாக விட்டார்.

மறுநாள் டெப்போ வேலிக்கு வெளியே ஆவடி ஒரு பக்கமும் முத்தாபுதுப்பேட்டை ஒரு பக்கமுமாக ஜனம் நின்றது. எந்த ஊர்க்காரன் ஜெயிலுக்குப் போகப்போகிறான் என்று பார்க்க வந்த கூட்டம். சொர்ணம் மட்டும் கேட்டுக்கு உள்ளே, சுவரோரமாக நின்றாள். துரை வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். வேம்புலியும் தேவராஜும் கொண்டுவரப்பட்டார்கள். இருவரும் முதல் கைநாட்டு யாருடையது என்று அப்போதே இடித்துக்கொண்டார்கள்.

"வார்த்தை கிடைத்ததா?" என்றார் துரை.

"கைநாட்டு விழுந்ததும் எழுதிவிடலாம், சார். அதற்கு முன்னால் வாக்குமூலத்தை இவர்கள் பாஷையில் படித்துக் காட்டுவது முறை."

துரை தலையை ஆட்டினார். வேம்புலி கட்டைவிரலை மையில் நன்றாகத் தோய்த்து, மீசைக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வேலிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். ஆவடி விசிலடித்தது. எட்மண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில், வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி வாசித்தார்.

"ஏரிக்கரையில் நடந்த டீலில் எதிராளியின் நூலால் அறுபட்டு, தோற்றுப்போய், ரோட்டின் மேல் விழுந்து, துரை அவர்களின் மூக்கில் பட்ட நூல் என்னுடையதே. அறுபட்டது என் காத்தாடிதான், தோற்றவன் நான்தான் என்று ஊரறிய முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்."

வேம்புலியின் கட்டைவிரல் காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"இன்னா அண்ணாத்தே எழுதிக்கிற?" என்றான் கம்மிய குரலில்.

"நடந்ததைத்தான். அறுத்த நூலு மேல காத்தாடியோட நிக்கும். அறுந்த நூலுதான கீழ வுழும்? துரை மூக்கு கீழதான் இருந்துது. வை, கைய வை."

வேம்புலி கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். "இது என் நூலு இல்ல," என்றான். "நல்லா யோசிச்சிப் பாத்தேன். என்னுது இல்லவே இல்ல. இவனுது."

"டேய்! என்னுதா?" தேவராஜ் பதறிப்போனான். "சாமி, எம் பேரன் மேல சத்தியமா என்னுது இல்ல. நேத்து ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். என் நூலு பனைமரத்துல கீது, வேணும்னா ஏறிப் பாருங்க."

"பனமரத்துல கீறது என்னுது!"

"போடா, அது என்னுது!"

வேலிக்கு வெளியே இரண்டு ஊரும் சிரித்த சிரிப்பில் காவல் அறைக் கூரையிலிருந்த காக்காயெல்லாம் பறந்தது. துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்மண்ட் குனிந்து எல்லாவற்றையும் விளக்கினார்.

"நேற்று வரைக்கும் ஜெயிலுக்குப் போக அடித்துக்கொண்டார்களே?"

"நேற்று வரைக்கும் அதை ஜெயித்த நூல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், சார்."

"அப்படியானால் அது யாருடையது?"

"இந்தத் தாலுகாவில் யாரும் அதைச் சொந்தம் கொண்டாட மாட்டார்கள். சொந்தக்காரன் இல்லாத நூலை வைத்துக்கொண்டு எப்படிக் கேஸ் நடத்துவது?"

துரை நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பிளாஸ்திரி ஏறி இறங்கியது. "ஆளில்லாமல் போகட்டும். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? திரெட் என்று எழுத மாட்டேன்."

எட்மண்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இரண்டு பேர் வானத்தில் மோதியிருக்கிறார்கள். தோற்றவனுடையது சிதறி உங்கள் மேல் விழுந்திருக்கிறது. வான்சண்டையில் காயம்பட்டேன் என்று எழுதினால் அதில் பொய் என்ன இருக்கிறது, சார்?"

துரை பேனாவை எடுத்தார். எழுதி முடித்தபோது, ஆவடி வானத்தில் நடந்த மோதலில் காயமடைந்தும் கடமை தவறாமல் அலுவலகம் திரும்பிய ஒரு வீரரின் கதை அந்தக் காகிதத்தில் இருந்தது. எதிரே இருந்த இரண்டு பேரையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

எட்மண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேம்புலி முன்னால் ஓடி, "வா சொர்ணம், ஊட்டுக்குப் போலாம்," என்றான். சொர்ணம் அசையவில்லை. கேட் பக்கத்திலேயே நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"நேத்து அந்தக் கம்பியப் புட்சிக்கினு அழுதேனே, உனக்குக் காதுல வுழுந்துதா?"

"அது வந்து..."

"நான் தனியா கெடந்து சாவேன்னு சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல. இன்னிக்கி காத்தாடி தோத்துச்சின்னு ஒரு வார்த்த வந்தவுடனே வெரலை எப்டி இஸ்துகின பாத்தியா? என்னிய வுடு, நான் பொண்டாட்டி. அந்தக் காத்தாடிக்கு இருக்கிற மருவாதிகூடவா எனக்கு இல்ல?"

எட்மண்ட் வேறெங்கோ பார்த்தார். பின்னால் வந்த தேவராஜ், நடந்துபோகாமல், முண்டாசை அவிழ்த்து நிதானமாகக் கட்ட ஆரம்பித்தான். அவன் காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"உண்மைய சொல்லு," என்றாள் சொர்ணம். "யாரு நூலு அது?"

"இப்போ இன்னாத்துக்குடி அது? அதான் வுட்டுட்டாங்களே."

"சொல்லு. இல்லன்னா இப்டியே திருவேற்காட்டுக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். அப்புறம் நீயும் உன் நூல் சுத்தற லொட்டாயும் குடித்தனம் பண்ணு."

வேம்புலி தேவராஜைப் பார்த்தான். வேலியோரம் இன்னும் கலையாத கூட்டத்தைப் பார்த்தான். கையில் காயாத மையைப் பார்த்தான். குனிந்து அவள் காதில் என்னவோ முணுமுணுத்தான்.

"காது கேக்கல," என்றாள் அவள்.

வேம்புலி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"என்னுதுதான்டி! அறுந்தது என் நூலுதான்! நான்தான் தோத்தேன்! போதுமா? வா, ஊட்டுக்கு வா!"

ஆவடி முழுக்கக் கேட்டிருக்கும். தேவராஜ் முண்டாசைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கைநாட்டு வைக்காமல் தப்பித்தவன் கேட்டில் நின்று கத்திக் கேஸுக்கு மறுபடி உயிர் கொடுத்துவிட்டானே! எட்மண்ட் பயந்த மாதிரியே வராந்தாவிலிருந்து துரையின் குரல் வந்தது.

"ரைட்டர்! அவன் என்ன கத்துகிறான்?"

எட்மண்ட் திரும்பினார். டிக்ஷனரி வீட்டில் இருந்தது. யோசிக்க நேரமும் இல்லை.

"தோற்றுவிட்டேன் என்கிறான், சார்."

"யாரிடம்?"

எட்மண்ட் தேவராஜைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேம்புலியின் மேல்துண்டைப் பிடித்து இழுத்துப் போகிற சொர்ணத்தையும் பார்த்தார்.

"மனைவியிடம், சார்."

துரை மூக்குப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு, அதற்கெல்லாம் எந்தச் சட்டத்திலும் கேஸ் கிடையாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.